அந்தோனியின் விலாவில் தட்டிய கை

நான் தட்டினேன்.

வலது கையால், அந்தோனியின் விலாவில், இரண்டு தட்டு. ‘தோற்றுவிட்டேன், விட்டுவிடு’ என்று அதற்குப் பொருள். அவன் விட்டான். விட்டுவிட்டு எழப்போனவனைப் பின்னாலிருந்து பிடித்துக் கழுத்தைப் பூட்டி, நான் ஜெயித்தேன்.

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது இவ்வளவு சின்னதா? எழுதிப் பார்த்தால் நாலு வரிகூடத் தேறவில்லையே!

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஹட்டன், நுவரெலியா, கண்டி என்று மேடை மேடையாகச் சப்பான் பிடி என்கிற மல்யுத்தம் போட்ட பெருமாள். மலைநாட்டுச் சாம்பியன். மஸ்கெலியாக் கடைத்தெருவில் ஒரு முடிவெட்டும் கடையில் பத்திரிகையில் வந்த என் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பிறகு அதன் மேல் ஒரு நடிகை வந்துவிட்டாள். நியாயம்தான். அவளைப் பார்த்தால் தலைவாரிக்கொள்ளத் தோன்றும். என்னைப் பார்த்தால் எழுந்து ஓடத்தான் தோன்றும்.

அந்தப் பெருமாள் எப்படிச் சாம்பியன் ஆனான் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அந்தோனிக்கு, கடவுளுக்கு. அந்தோனிக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கடவுள் வாய் திறப்பதில்லை. மிச்சம் நான் ஒருவன்தான்...

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வீரன் இல்லை. சுத்தமான பயந்தாங்கொள்ளி. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வேடிக்கை வரும்! காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி என்னை முறைத்தால் போதும், என் வாய் தானாக ஒரு கோமாளித்தனத்தைத் துப்பிவிடும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கங்காணியும் சிரித்துவிடுவார். நான் தப்பிவிடுவேன்.

இப்படித் தப்பித் தப்பியே வளர்ந்தவன் நான். சிரிப்பு எனக்குக் குடை. நனையாமல் இருப்பதற்காகப் பிடித்த குடை. அதிலிருந்து வடியும் தண்ணீர் எவன் தலையில் விழுகிறது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, அதன் பின்னாலேயே தோட்டத் தமிழர்களான எங்கள் ஓட்டுரிமை போன காலம் அது. எங்கள் தோட்டத்துக்கு உதவி நிர்வாகியாக ஒரு சின்னத்துரை வந்தார். வெள்ளைக்காரர். யுத்தத்தில் இருந்தவர். பட்டாளத்தில் ஜூஜுட்சு என்ற சப்பானிய மல்யுத்தம் படித்தவர். படித்ததை மறக்காமலிருக்க அவருக்கு உடம்புகள் தேவைப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் உடம்புக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலை ஃபாக்டரியின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் பழகினோம். மெத்தைக்கு எங்கே போவது? தேயிலையைச் சலித்த பிறகு பஞ்சு பஞ்சாகக் கழிவு மிஞ்சுமே, அதைச் சாக்குகளில் அடைத்துத் தைத்து, பக்கம் பக்கமாகப் போட்டோம். விழுந்தால் நோகாது. ஆனால் இரண்டு பேர் அதில் புரண்டால் தையல் வழியே தவிட்டு நிறத்தில் தூசி கிளம்பும். யார் மேலே, யார் கீழே என்றே தெரியாது. சின்னத்துரை விடாமல் தும்முவார். அந்தத் தூசியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்... என் முழு வாழ்க்கையும் அதற்குள்தான் நடந்தது.

இந்தப் பிடியில் அடி கிடையாது, குத்துக் கிடையாது. தரையில் புரண்டு எதிராளியின் கையையோ காலையோ கழுத்தையோ பூட்டி, அவன் போதும் என்கிறவரை இறுக்கவேண்டும். போதும் என்று வாயால் எப்படிச் சொல்வது, கழுத்தல்லவா பூட்டியிருக்கிறது! ஆகவே தட்டவேண்டும். மெத்தையிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு தட்டு. தட்டினால் அந்தக் கணமே விட்டுவிடவேண்டும்.

“தட்டினா விடு. விட்டா முடிஞ்சுது” என்பார் சின்னத்துரை, தம் உடைந்த தமிழில். “பாக்கிறவன் சொல்றது இல்ல. தட்டினவன் சொல்லணும். சரியா?”

சரிதான். இரண்டு உடம்புக்கு நடுவே நடப்பதை மூன்றாவது ஆள் எப்படிப் பார்ப்பான்? தட்டியவனே ஒப்புக்கொள்ளவேண்டும். அதுதான் ஆட்டத்தின் ஆணிவேர்.

தட்டுவதில் நான் மன்னன்! வலிக்கும் முன்பே தட்டுவேன். அந்தோனி கையை நீட்டும்போதே தட்டுவேன். ஒருமுறை அவன் சட்டையைக் கழற்றும்போதே தட்டிவிட்டேன்.

“டேய் மாப்ளே, இன்னும் தொடவே இல்லியேடா!”

“தொட்டா வலிக்கும்ல மச்சான். அதான் முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன்.”

மாடி முழுக்கச் சிரிக்கும். அந்தோனியும் சிரிப்பான். அந்தோனி யார் என்கிறீர்களா? என் வயதுக்காரன். என் லயத்துக்காரன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இரும்பாகிப்போன கைகள். அவனிடம் சிக்கினால் மீள முடியாது. ஆனால் தட்டினால் விடுவதில் அவனைப் போல் ஒருவன் கிடையாது. விரல் பட்டாலே விடுவான். விட்டுவிட்டு, “வலிச்சிருச்சாடா?” என்று நம் கழுத்தைத் தேய்த்தும் விடுவான்.

நானும் ஒன்றும் மோசமில்லை. பயந்தவனைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். விலாங்கு மாதிரி நழுவுவேன். ஆனால் அந்தோனியை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயித்ததில்லை.

அப்போதுதான் எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா காலியானது.

லயம் என்பது ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்பது பேச்சு. இரண்டு குடும்பம் என்பது வழக்கம். கடைசி அறையில் இருந்தவர்கள் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். காலிக் காம்பரா! அதை இரண்டு பேர் கேட்டோம்.

ஒருவன் அந்தோனி. அவன் அண்ணன் குடும்பம் மொத்தமும் ஒரு காம்பராவில் இருந்தது. அந்தோனியும் அவன் மனைவி லூர்துவும் அதற்கு முன்னால் இருந்த இஸ்தோப்பில், முன்பக்கம் திறந்த தாழ்வாரத்தில், சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்தார்கள். லூர்துவுக்கு வயிற்றில் பிள்ளை. மழைக்காலம் வருவதற்குள் சுவருள்ள ஓரிடம் வேண்டும்.

இன்னொருவன் நான். அக்காள் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருந்தேன். செல்லம்மாவைக் கேட்டுப் போனபோது அவள் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “மழைக்கு ஒதுங்க எடமில்லாத பயலுக்கு எம்மகளக் குடுத்தா, கொடையப் புடிச்சிக்கிட்டா குடும்பம் நடத்துவான்? காம்பரா வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை முடிவு சொல்லாமல் தள்ளிப்போட்டார். சின்னத்துரைக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. ஹட்டனில் தோட்டங்களுக்குள்ளே பிடிப் போட்டி வரப்போகிறது; எங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆள் தேவை.

“நீங்க ரெண்டு பேரும் பிடி. ஜெயிக்கிறவன் ஹட்டன் போறது. ஜெயிக்கிறவனுக்குக் காம்பரா.”

ஒரு குடும்பம் தலைசாய்க்கும் இடத்தை இப்படியா கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள். நாங்களே கேட்கவில்லை. துரை சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்துக்கொண்டு தலையாட்டினோம்.

முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். போட்டிக்கு முதல் நாள் அந்தோனி ஒரு பெரிய இரும்புக் கொக்கியும் சுத்தியலுமாக வந்தான்.

“வாடா, ஒரு கை புடி.”

காலிக் காம்பராவுக்குள் தேயிலைப் பெட்டியைப் போட்டு ஏறி நின்று, கூரைவளையில் கொக்கியை அடித்தான். தொட்டில் கட்டுவதற்கு. பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டவன் நான்.

“கோவிச்சுக்காத மாப்ளே. நீதான் எப்பிடியும் தட்டிருவியே!”

“நல்லா அடி மச்சான். ஒம்புள்ள ஒன்னய மாதிரி கனமாத்தான் பொறக்கும்.”

அடித்து முடித்ததும் கொக்கியில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். அது அசையவில்லை. குதித்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தான் பாருங்கள்... அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

மறுநாள் எல்லாரும் பார்க்கவேண்டும் என்று சாக்கு மெத்தைகளைப் பெரட்டுக் களத்துக்கு இறக்கினார்கள். லயத்து ஜனம் முழுக்கச் சுற்றி நின்றது. லூர்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு முன் வரிசையில். செல்லம்மா பின்னால் எங்கோ. செல்லம்மாவின் அப்பா ஓரமாக, பாதி திரும்பிய வாக்கில்.

நான் வழக்கம்போல் கும்பிட்டு, விழுந்து, நொண்டி எல்லாம் காட்டினேன். ஜனம் சிரித்தது.

புரண்டோம். தூசி கிளம்பியது. நழுவினேன், நழுவினேன், பிறகு நழுவ இடமில்லை. அந்தோனி என்னை மல்லாத்தி, மார்பின் மேல் படுத்து, முன்கையைத் தொண்டையில் வைத்து அழுத்தினான். ஆகாயம் கறுத்தது. சின்னத்துரை நின்றது ஒரு பக்கம். என் வலது கை கிடந்தது மறு பக்கம், அவன் உடம்புக்கு அடியில், தூசிக்குள்.

தட்டினேன். நினைத்துத் தட்டவில்லை. ஞாயிறு தோறும் தட்டிப் பழகிய கை அல்லவா! அதுவாகவே தட்டியது. அவன் விலா எலும்பு என் உள்ளங்கையில் பட்டது இன்றும் எனக்குத் தெரியும்.

“அவ்ளோதான்டா மாப்ளே” என்றான் மெதுவாக. விட்டான். முழங்காலை ஊன்றி எழுந்து, தலையைத் திருப்பி லூர்துவைத் தேடினான்.

அந்தக் கணத்தில் நான் பார்த்தது செல்லம்மாவின் அப்பாவின் முதுகை. அவர் போகிறார்! அவர் போனால் செல்லம்மா போகிறாள். நான் அக்காள் வீட்டு மூலையில் பாய் விரித்தே கிழவனாகிறேன்...

யோசிக்காமல் செய்துவிட்டேன், உடம்பு செய்துவிட்டது என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்! யோசித்தேன். இந்தத் தூசி அடங்குவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று யோசித்தேன். தூசியைக் கணக்குப் போட்டவன் யோசிக்காதவனா? நீங்களே சொல்லுங்கள்!

பாய்ந்தேன். பின்னாலிருந்து அவன் கழுத்தை முழங்கை மடிப்பில் பூட்டினேன். அவனுக்குப் புரியவே இல்லை. நான் விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பான். பிறகு மூச்சு நின்றது. பிறகு தட்டினான். மெத்தையில், படார் படாரென்று, ஊருக்கெல்லாம் கேட்கும்படி, முறைப்படி தட்டினான்.

உடனே விட்டுவிட்டேன். ஆட்டத்தின் சட்டத்தை மதிப்பவன் அல்லவா நான்!

ஜனம் கத்தியது. சின்னத்துரை என் கையைத் தூக்கினார். அந்தோனி இருமி இருமி எழுந்தான்.

“தொரை... அவன்தாங்க மொதல்ல தட்டினான். தட்டினதாலதான் விட்டேன் தொரை.”

சின்னத்துரை என் பக்கம் திரும்பினார். “பெருமாள், நீ தட்டினதா?”

தட்டியவன்தான் சொல்லவேண்டும். எத்தனை கண்கள்! பயம் அடிவயிற்றிலிருந்து எழுந்து, மார்பில் ஏறி, தொண்டைக்கு வந்து, வாயைத் திறந்தது. வெளியே வந்தது என்ன தெரியுமா?

“மறந்துட்டேங்க தொரை! வருசம் பூரா தட்டுறவன், இன்னிக்கின்னு பாத்து மறந்தே போயிட்டேன்!”

களம் வெடித்தது! பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னத்துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தோனியின் அண்ணனே சிரித்தார்.

அந்தோனி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காத்திருந்தான். வேடிக்கை செய்து முடித்ததும் நான் எப்போதும் உண்மைக்கு வந்துவிடுவேன். அது அவனுக்குத் தெரியும். சிரிப்பு ஓயட்டும், மாப்பிள்ளை சொல்வான் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிரிப்பு ஓய்ந்தது.

நான் சொல்லவில்லை.

‘தட்டவில்லை’ என்று நான் பொய் சொல்லவே இல்லையே, ‘மறந்துவிட்டேன்’ என்றுதானே சொன்னேன்... இப்படி வாதாடி எத்தனை இரவு தூங்கியிருக்கிறேன்! கோமாளிக்கு இது ஒரு வசதி. அவன் பொய்யைக் கூடப் பொய் என்று யாரும் பிடிப்பதில்லை.

கலைந்து போகிற கூட்டத்தில் லூர்துவின் குரல் மட்டும் கேட்டது. உரக்கக்கூட இல்லை.

“பெருமாளண்ணன் தட்டலேங்கிறாங்களே... நீங்க ஏங்க விட்டீங்க?”

காம்பரா எனக்கு வந்தது. செல்லம்மா வந்தாள். வந்த அன்றே மேலே பார்த்துக் கேட்டாள்: “யாருங்க இதுல கொக்கி அடிச்சது?”

“கம்பனிக்காரன் நம்ம கல்யாணத்துக்குக் குடுத்த சீதனம்.”

அவளும் சிரித்தாள்.

அந்த வருஷம் ஆனி மழை பெய்தது பாருங்கள், மலையே கரைந்து வருகிறதோ என்றிருந்தது. லூர்து இஸ்தோப்பில்தான் பெற்றாள். ஆண் பிள்ளை. காற்று சாக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். நனைந்த விறகின் புகை ஒரு பக்கம். குழந்தை இருமத் தொடங்கியது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு தண்ணீர் மருந்து கொடுத்தார். மழை முடிவதற்குள் குழந்தை முடிந்துவிட்டது.

துணியில் சுற்றி, அந்தோனி அதைத் தேயிலை மலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனபோது, குடை பிடித்துக்கொண்டு கூடப் போனவன் நான்.

காம்பராவுக்குள்ளே பிறந்த குழந்தைகளும் அந்த மழையில் போயின. உண்மைதான். சுவர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று எந்த டாக்டர் எழுதிக்கொடுப்பார்? யாரும் கொடுக்கமாட்டார். பிழைத்திருக்காது என்றும் யாரும் கொடுக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

‘மச்சான், நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து படுங்க.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லியிருக்கலாம். செல்லம்மாவும் வேண்டாமென்றிருக்கமாட்டாள். ஆனால் ஏன்டா என்று கேட்பானே! அந்த ஏன் என்ற கேள்விக்குப் பயந்து, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கதகதப்பாக இருந்தேன்.

பிற்பாடு அந்தோனியின் அண்ணன் வேறு தோட்டத்துக்குப் பேர் மாற்றிக்கொண்டு போக, அவனுக்கும் காம்பரா கிடைத்தது. வேறு பிள்ளைகளும் பிறந்தன. லூர்து மட்டும் பழைய மாதிரி இல்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

நான் ஹட்டனில் ஜெயித்தேன். அடுத்த வருஷமும் ஜெயித்தேன். சின்னத்துரை கப்பலேறிப் போன பிறகும் போட்டிகள் நடந்தன. நானும் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். கோப்பைகள் சேர்ந்தன. ஒன்றில் செல்லம்மா மிளகாய்த்தூள் போட்டுவைத்தாள், ஒன்றில் உப்பு.

ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். என்னிடம் சிக்கியவன் கை என் உடம்பில் எங்கே பட்டாலும் நான் விட்டுவிடுவேன். முழுதாகத் தட்டும்வரை என்னால் பொறுக்க முடியாது. ஒரு விரல் பட்டாலே என் கைகள் தாமாகத் திறந்துகொள்ளும். நெருப்பைத் தொட்டவன் மாதிரி! ஜனம் இதைப் பார்த்து என்ன சொன்னது தெரியுமா? கண்ணியவான்! எதிராளிக்கு நோகாமல் ஜெயிக்கிற உத்தமன்! பத்திரிகையில் அப்படியே போட்டார்கள். ஒரு பாடசாலை விழாவில் என்னை மேடையேற்றி, நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்! நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள்.

அந்தக் கண்ணியம் அந்தோனியிடமிருந்து திருடியது. விரல் பட்டதும் விடுகிறவன் அவன்தானே? காம்பராவோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

போன வருஷம் நுவரெலியாவில் என் கடைசிப் பிடி. கொழும்பிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரன் எதிராளி. இளந்தாரி. அவன் கழுத்தைப் பூட்டிவிட்டேன், முடிந்த மாதிரிதான். வியர்வையில் அவன் கை வழுக்கி என் தோளில் பட்டது. விட்டுவிட்டேன். அவன் ஆச்சரியப்பட்டுப்போய் ஒரு கணம் பார்த்தான், பிறகு திரும்பி என் கையைப் பூட்டினான். தட்டினேன். இந்தத் தடவை எல்லாருக்கும் தெரியும்படி தட்டினேன். பட்டம் போனது.

அந்தோனி அன்றைக்குத்தான் முதன்முதலாக என் பிடி பார்க்க வந்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தி வெளிச்சத்தில், தோட்டத்துப் பாதையில் இரண்டு பேரும் நடந்தோம்.

“அந்தப் பய தட்டல மாப்ளே. கை வழுக்குச்சு.”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சுமா விட்ட?”

“பழக்கம்.”

கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு நின்றான்.

“ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத.”

“கேளு.”

“இன்னிக்கு ஒனக்கு ஆன மாதிரித்தான் அன்னிக்கு எனக்கும் ஆச்சா? நீ தட்டலியா? ஒங்கை சும்மா பட்டதத்தான் நான் தட்டுனதுன்னு நெனச்சிட்டேனா?”

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“லூர்து இன்னைக்கு வரைக்கும் கேக்குறாடா, ஏன் விட்டீங்கன்னு. அந்தக் கொழந்த நெனப்பு வர்ற நாளெல்லாம் கேக்குறா. அவன் தட்டினான்டின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். இப்ப எனக்கே தெரியல மாப்ளே. நீ சொல்லு. தட்டினேன்னா தட்டினேன்னு சொல்லு, நான் ஒன்னும் நெனைக்கமாட்டேன். காம்பராவயா திருப்பிக் கேக்கப் போறேன்? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. எதுவானாலும் அவகிட்ட போயி சொல்லிட்டு, இத முடிச்சுர்றேன்.”

இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்தப் பாவிக்காவது கிடைக்குமா? தண்டனை இல்லை, அபராதம் இல்லை. ஒரே ஒரு சொல். பாதையில் வேறு ஆளில்லை. தூசி இல்லை!

அடிவயிற்றிலிருந்து அது எழுந்தது. மார்பில் ஏறியது. தொண்டைக்கு வந்தது. நான் பல்லைக் கடித்தேன், சத்தியமாகக் கடித்தேன்... வாய் திறந்துகொண்டது.

“அதான் அன்னைக்கே சொன்னேனே மச்சான், மறந்துட்டேன்னு!”

அந்தோனி என்னைப் பார்த்தான். அன்று போலவே காத்திருந்தான். பிறகு, முதல் முறையாக, அந்த வேடிக்கைக்குச் சிரித்தான்.

“அப்ப சரி” என்றான். “தப்பு எம்மேலதான்.”

என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முன்னால் நடந்தான்.

மறுநாள் காலையில் நான் மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். லூர்து குடத்தோடு வந்தாள். என்னைக் கண்டும் தலையைக் குனியவில்லை. நேரே வந்து நின்றாள்.

“அண்ணே, அவரு ஒத்துக்கிட்டாரு. நீங்க தட்டலியாம். அவருக்குத்தான் அப்பிடித் தோணியிருக்கு.”

பீலியின் தண்ணீர் என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“நீங்கதான் ஏமாத்திப்புட்டீங்கன்னு இத்தன வருசமா மனசுக்குள்ள ஒங்கள வைஞ்சிக்கிட்டே இருந்தேண்ணே. ஒங்க புள்ள தொட்டில்ல தூங்கறப்பக்கூட வைஞ்சிருக்கேன். பாவம்ணே அது. மன்னிச்சுக்கங்க.”

என்னிடம்... மன்னிப்பு!

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? காலில் விழுந்தேனா? குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேனா? ஒரு வேடிக்கையாவது சொன்னேனா? இல்லை. என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் எனக்கு வேடிக்கை வரவில்லை.

“பரவால்ல தங்கச்சி” என்றேன்.

மன்னித்துவிட்டேன்! லூர்துவை நான் மன்னித்துவிட்டேன்! இதற்கு மேல் ஒரு மனிதனால் இறங்க முடியுமா? முதலில் அவர்கள் காம்பராவை எடுத்தேன். பிறகு அந்தோனி தன் விலாவில் உணர்ந்த உண்மையை எடுத்தேன். கடைசியில் அவளுக்கென்று மிச்சமிருந்த நியாயமான கோபத்தையும் எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மன்னிப்பும் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து அவள் என் வீட்டுக்கு வருகிறாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்தாள். “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறாள். அந்தோனி வீட்டில் இப்போது சண்டை இல்லை என்று செல்லம்மா சொல்கிறாள். அவன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டானாம், அதிலிருந்து அமைதியாம். இப்போது நான் போய் உண்மையைச் சொன்னால் அந்த அமைதி என்னாகும்? இந்தக் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்பவன் யார் என்று பாருங்கள். பயந்தாங்கொள்ளி கேட்கிற கேள்விகள் எப்போதும் நல்ல கேள்விகளாகத்தான் இருக்கும்.

அவர்கள் கதவு இங்கிருந்து நாலைந்து கதவு தள்ளி. எழுந்து நடந்தால் இந்தத் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். போகாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் காம்பரா தேவையில்லை. உங்கள் பிள்ளையை நான் மழையில் விடவில்லை. உங்களிடம் தட்டுவது எனக்குச் சுலபம்.

இன்று ஞாயிறு. வெளியே மழை பிடித்திருக்கிறது. லூர்து யாரையோ திட்டிக்கொண்டு வெளியே காயும் விறகை உள்ளே எடுக்கிறாள், குரல் கேட்கிறது. அந்தோனி ஏதோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள்.

என் தலைக்கு நேர் மேலே அந்தக் கொக்கி. என் பிள்ளைகள் எல்லாரும் அதில் ஆடித்தான் தூங்கினார்கள். இப்போது செல்லம்மா அதில் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறாள். போன மாதம் ஆத்திரம் தாங்காமல் அதைப் பிடுங்கி எறியப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். மலைநாட்டுச் சாம்பியன், முழுப் பாரத்தோடும்!

அசையவில்லை. நன்றாகத்தான் அடித்திருக்கிறான்.